சாய்ந்தமருதில் நிற்காத பஸ்

இன்று காலை ஆஸ்பத்திரியில் எங்கள் வாட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். அலுமாரிகளை வெறுமையாக்கித் தரச் சொன்னதால், வருடக்கணக்காகக் கை படாமல் கிடந்த என் கீழ்த் தட்டைக் குனிந்து துழாவினேன். வார் அறுந்த செருப்பு, காய்ந்துபோன பேனைகள் நாலைந்து, யாரோ பிள்ளை பெற்ற சந்தோஷத்தில் கொடுத்த சொக்கலேட் டின். அதற்குப் பின்னால் ஒரு சின்னத் தைலப் போத்தல். தலையிடிக்கு உதவும் என்று மூடியைத் திருகினேன். உள்ளே தைலம் இல்லை. உன் ஊர் நெத்தலிக் கருவாடு, ஒரேயொரு துண்டு, குச்சியாகக் காய்ந்து கிடந்தது. மணம் மட்டும் போகவில்லை.

பெயின்ட்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன மிஸ், உள்ள எலி கிலி செத்துக் கிடக்கா?" என்றார்.

"இல்ல, என்ட கூட்டாளிட சாமான்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கருவாட்டைப் போத்தலில் போட்டுத் திரிகிற கூட்டாளியும் உண்டா என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். நீ அப்படிப்பட்ட ஆள்தான்.

நீ போய் மூன்று வருடமாகிறது. உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிந்தேன். அது பொய். எனக்கு வருவது கோபம். பாதி உன் மேல், பாதி என் மேல். இன்று அந்த மணம் மூக்கில் ஏறிய பிறகு சாட்டுச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

மட்டக்களப்பில் நாம் தாதியர் பயிற்சிக்குப் போன முதல் வருடம், உடற்கூற்றுப் பரீட்சையில் நான் படுதோல்வி அடைந்தேன். மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு சோடி. அவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது, அதை எப்படிச் சோதிப்பது என்று சொல்ல வேண்டும். ஐந்துக்கு மேல் எனக்கு நகரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஆங்கில வசனம் ஒன்றைப் பாடமாக்கி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலிருந்தும் ஒரு நரம்பைப் பிடித்தார்கள். எனக்கு அந்த வசனமே நிற்கவில்லை. ஹொஸ்டல் கட்டிலில் குப்புறக் கிடந்து அழுதேன். இரண்டாம் முறையும் கோட்டை விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் வாப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார்.

பக்கத்துக் கட்டில் உன்னுடையது. பெரியநீலாவணைக்காரி, மெதடிஸ்த கோயிலில் பாடுகிறவள், யாரிடமும் நின்று கதைக்காதவள் என்றுதான் அதுவரை உன்னை எனக்குத் தெரியும். நீ வந்து என் கொப்பியை மூடினாய்.

"வசனத்தையும் பாடமாக்கி, அதுக்குள்ள இருக்கிற நரம்பையும் பாடமாக்கிறதா? ரெட்டை வேலை எதுக்கு? உனக்கு உன்ட ஊருக்குப் போற பஸ் றோட்டுத் தெரியும்தானே? அது போதும் புள்ள."

அந்த வெள்ளிக்கிழமை நாம் ஒன்றாக ஊருக்கு பஸ் ஏறினோம். உன் ஊர்தான் முதலில் வரும். நீ இறங்கவில்லை. கண்டக்டர் கேட்டதற்கு, "அட்டாளைச்சேனைக்கு ரெண்டு" என்று டிக்கெட் எடுத்தாய். பஸ் பெரியநீலாவணையைத் தாண்டும்போது என் மூக்கைத் தொட்டாய். கடற்கரையில் கருவாடு காய்ந்தது. முதலாவது நரம்பு, மணம். மருதமுனையில் தறிக்காரர் நூலுக்குச் சாயம் போட்டு வெயிலில் விரித்திருந்தார்கள். பச்சையும் கத்தரிப்பூவும் தெரிந்தன. இரண்டாவது, பார்வை. பாண்டிருப்பில் கோயில் கொடியை அண்ணாந்து பார்க்க வைத்தாய். மூன்றாவது நரம்பு கண்ணை மேலே தூக்கும். கல்முனைச் சந்தையில் மாடிக் கடைப் படியால் இறங்குகிற கிழவரைக் காட்டினாய். நாலாவது பழுதானால் படி இறங்கும்போது கீழே பார்க்க முடியாது. கல்முனைக்குடி வந்ததும் பல்லைக் கடித்துக் காட்டினாய். அங்கே எந்த வீட்டில் சாப்பிட்டாலும் மாட்டிறைச்சியை மென்று தீராது என்றாய். ஐந்தாவது.

ஆறாவது என் ஊர், சாய்ந்தமருது. எங்கள் வீடு வீதியோடு, இடது பக்கம். வாசலில் வாப்பா நின்றார். இறங்காமல் போகிறேன் என்று கண்டால் தொலைந்தேன். "தலையைத் திருப்பாத," என்றாய் நீ. தலையை நேரே வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் காதுப் பக்கமாகத் தள்ளி வாப்பாவைப் பார்த்தேன். "இதுதான் ஆறாவது. கண்ணை வெளிப்பக்கம் இழுக்கிறது. இது ஒரு வேலைதான் அதுக்கு. இனி மறப்பியா?" என்றாய். பஸ்ஸுக்குள் இருவரும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மாளிகைக்காட்டில் போட்டோ பிடிக்கிற கடை, அங்கே முகத்துக்கான நரம்பு சிரித்தது. காரைதீவில் அம்மன் கோயில் உடுக்கு, அது காதுக்கு. நிந்தவூரில் தயிரை விழுங்கினோம், அது தொண்டைக்கு. ஒலுவிலில் கடல் கரையைத் தின்றுகொண்டு அலைகிறது, நெஞ்சு வயிறெல்லாம் அலைகிற பத்தாவது நரம்பும் அங்கேதான். பாலமுனையில் ஒருவர் நெல் மூட்டையைத் தோளுக்கு ஏற்றினார். கடைசி அட்டாளைச்சேனை, நாக்கு. அங்கே வாத்திமார் அதிகம் என்பதால் நாக்குக்கு வேலை அதிகம் என்றாய். "அக்கரைப்பற்றுக்குப் போனா பதின்மூண்டாப் போயிரும், இறங்கு இறங்கு," என்று என்னைத் தள்ளினாய். தெருவைக் கடந்து நின்று, வந்த வழியே திரும்பினோம். அன்று என் தலைக்குள் ஏறிய நரம்புகள் இன்றுவரை இறங்கவில்லை.

ஹொஸ்டலில் ஒருத்தி, "தமிழ் ஊரையும் முஸ்லிம் ஊரையும் ஏன் கலக்கிறாய்?" என்று உன்னிடம் முகத்தைச் சுளித்தாள். "பிரிச்சா அவங்களுக்கு எட்டு நரம்பு, எங்களுக்கு நாலு. நாங்க எப்பிடிச் சீவிக்கிற?" என்றாய். பிறகு அவளும் அதே பஸ்ஸில்தான் ஏறினாள். அந்த வருடம் கரையோரத்துப் பிள்ளைகள் ஒருத்தரும் அந்தக் கேள்வியில் பிழை விடவில்லை.

மருந்து கொடுப்பதற்கும் நீ ஒரு வழி வைத்திருந்தாய். ஆள், மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல். ஐந்து விரலும் கூடாமல் சோறு வாய்க்குப் போகாது, ஐந்தும் சரிவராமல் மருந்தும் போகக் கூடாது என்பாய். இருபது வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் என் கை சோறு பிசைகிறது.

ஆனால் நீ வைத்த ஒரு சட்டம்தான் நம்மைக் கெடுத்தது. ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும்போது, சொந்த ஊரைக் கேட்பதில்லை. "சொந்த ஊருக்கு டிக்கெட் வேணாம்" என்பாய். உன்னிடம் மணத்தைக் கேட்க மாட்டோம், என்னிடம் ஆறாவதைக் கேட்க மாட்டீர்கள். நேரம் மிச்சம். எங்கள் ஊர் எங்களுக்கு மறக்குமா? நான் கேள்வி கேட்கிற முறையிலும் சாய்ந்தமருதை விட்டுவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. கல்முனைக்குடிக்குப் பிறகு நேரே மாளிகைக்காடு. என் வாய்க்கு அதுதான் வரிசை.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்தோம். உனக்குத் தலையிடி தொடங்கியது அந்த மாசி மாதம். காலையில் எழும்பும்போது தலை பிளக்கிறது, பல் விளக்கும்போது ஓங்காளித்துச் சத்தி வருகிறது என்றாய். ஒரு நோயாளி இதைச் சொல்லியிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் பதிந்து கிளினிக் கொப்பி போட்டிருப்போம். நமக்கு நாமே கொப்பி போட்ட நேர்ஸ் யார்? வரிசையில் நின்றால் வெட்கம். டொக்டர் போகிற வழியில் மறித்து, நின்ற நிலையில் கேட்டு, நின்ற நிலையில் பதில் வாங்குவோம். அதுதான் நம் வைத்தியம்.

வாட்டில் காலை வேலை முடிந்து, துணி அடுக்கும் அறைக்குள் நீ பெட்ஷீட் கட்டின் மேல் உட்கார்ந்தாய். "ஒருக்காப் பாரன் புள்ள, பஸ்ஸ ஓட்டு," என்றாய். நம் அலுமாரியிலிருந்து, மணம் சோதிக்க நீ வைத்திருந்த கருவாட்டுப் போத்தலை எடுத்து வந்திருந்தாய். நான் மூடியைத் திறந்து உன் மூக்கின் கீழே பிடித்தேன். "எங்கட ஊரு," என்று கண்ணை மூடிச் சிரித்தாய். சுவரில் இருந்த எழுத்தை வாசித்தாய். என் விரலை மேலே பார்த்தாய், கீழே பார்த்தாய். பல்லைக் கடித்தாய். அடுத்து, "மாளிகைக்காடு, சிரி," என்றேன். சிரித்தாய். உடுக்கு, தயிர், அலை, மூட்டை, நாக்கு. எல்லாம் முடிய, "ஒண்டுமில்ல. பன்னிரண்டும் பாஸ். தூக்கமில்லாததுதான்," என்றேன். உன் முகம் அப்படித் தெளிந்தது. நானும் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் நடைபாதையில் டொக்டரை மறித்தோம். அவர் என்னிடம்தான் கேட்டார். "கண் அசைவு பாத்தீங்களா மிஸ்?"

"ஓம் டொக்டர், எல்லாம் பாத்த. நோர்மல்."

அவர் என்னை நம்பினார். பனடோலைப் போட்டு ரெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டு நடந்தார். அவரில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் வாயிலிருந்து வந்த 'எல்லாம்' அது.

நாலு மாதம் போனது. ஆனியில் ஒரு நாள் நீ மருந்துக் கோப்பைக்கு வெளியே மருந்தை ஊற்றினாய். தட்டில் சிந்தியதைப் பார்த்துக்கொண்டே நின்றாய், துடைக்கவில்லை. இடது பக்கக் கட்டிலைப் பார்க்க முழு உடம்பையும் திருப்பினாய். நான் உன் முகத்துக்கு முன்னால் போய் நின்று, "தலையைத் திருப்பாமல் என்னைப் பார்," என்று இடது பக்கமாக நகர்ந்தேன். உன் வலது கண் என்னோடு வந்தது. இடது கண் நடுவில் நின்றுவிட்டது. சாய்ந்தமருதுக்கு அது வரவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கேன், கொழும்பு, மூளையின் அடித்தண்டில் கட்டி, கத்தி வைக்க முடியாத இடம். அங்கிருந்த பெரிய டொக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். நாலு மாதத்துக்கு முந்தி வந்திருந்தால்? அவர் பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். "சொல்ல முடியாது மிஸ். இதைவிடச் சின்னதாக இருந்திருக்கும்," என்றார். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று வருடம் தூங்கியிருக்கிறேன், தூங்காமலும் இருந்திருக்கிறேன்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஓஃப் நாட்களிலெல்லாம் நான் பெரியநீலாவணைக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் நீ கேட்பாய், "இண்டைக்கு எந்த ஊரு போகுது, பாரு." வேண்டாம் என்றால் விடமாட்டாய். முதலில் மாளிகைக்காடு போனது. சிரித்தால் வாய் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. பிறகு காரைதீவு. இடது காதுக்குள் சொன்னது உனக்குக் கேட்கவில்லை. நிந்தவூர் போன அன்று, குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. உன் அம்மா அடுப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பா. ஒரு நாள் வந்து, "ஊர் ஊராச் சொல்றீங்க, எங்க மக்காள் போகப்போறீங்க? சுகமானாப்போல நானும் வாறன்," என்றா. நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்றுதான் நான் சொன்னேன். இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா வெளியே போகும்வரை பார்த்திருந்து, உன் நல்ல காதுப் பக்கம் குனிந்தேன்.

"அண்டைக்கு நான் சாய்ந்தமருதப் பாக்கல்ல. விட்டுட்டுப் போயிட்டன். டொக்டருக்கிட்டயும் பொய் சொல்லிட்டன்."

"தெரியும்," என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. "என்ன தெரியும்?"

"அது என்ட பஸ் புள்ள. எங்க நிண்ட, எங்க நிக்கல்ல எண்டு எனக்குத் தெரியாதா?" உன் பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்தாய். "அதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னாலயே, இடது பக்கம் பாத்தா எல்லாம் ரெண்டாத் தெரிஞ்ச. கேட்டா சொல்லுவம் எண்டுதான் இருந்தன். நீ கேக்கல்ல. பாஸ் எண்டாய். எனக்குச் சந்தோசமா இருந்த."

நான் உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். கதைகளில் அப்படித்தான் செய்வார்கள். நான் எழும்பி நின்று கத்தினேன். "நீயெல்லாம் ஒரு நேர்சா? ரெண்டாத் தெரியுதெண்டா என்னெண்டு உனக்குத் தெரியாதா? என்னைக் கொலைகாரி ஆக்கிட்டியே!"

நீ கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். நான் பையைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்து, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். அம்மா பின்னால் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

ஒன்பது நாள் நான் வரவில்லை. டியூட்டி என்று வீட்டில் என் பிள்ளைகளிடம் சொன்னேன். கோபம் என்று எனக்கு நான் சொன்னேன். உண்மையில் உன் முகத்தைப் பார்க்கப் பயம். பத்தாம் நாள் வந்தபோது அட்டாளைச்சேனை போயிருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். அது வாய்க்குள்ளேயே ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. உன் பேச்சு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ இருந்த நாட்களில், வந்த நாளெல்லாம் உன் வாயைத் துடைத்தேன், சளி எடுத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன், மன்னிப்புக் கேட்டேன். கண்ணால் ஏதாவது சொல்லுவாயா என்று பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது இன்னொரு பொய்.

உன்னை அடக்கம் பண்ணிய அன்று மயானத்தில், உன் அம்மா என் கையைப் பிடித்துச் சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போனா. "இவதான் என்ட பிள்ளையை முதல்முதல் சோதிச்சுப் பாத்த. மகள் சொல்லுவா. இவவிட்டக் காட்டினதுக்குப் பிறகுதானாம் மனசு ஆறினது." எல்லோரும் என்னைக் கும்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அம்மாவிடம் திறக்கவில்லை. பெருநாளைக்குப் பெருநாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவ எனக்கு நெத்தலிக் கருவாடு சுற்றித் தருகிறா. நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

உன் பஸ் இன்னும் ஓடுகிறது. எங்கள் வாட்டுக்குப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், யார் செய்தது என்று மட்டும் தெரியாது. சொந்த ஊர்ச் சட்டத்தையும் அவர்கள் வைத்திருந்தார்கள். அதை நான் அழித்துவிட்டேன். எந்த ஊர்ப் பிள்ளையோ, அந்த ஊரிலிருந்துதான் நான் கேள்வியைத் தொடங்குவேன். "இந்த மிஸ்ஸுக்கு விசர்" என்று பின்னால் கதைக்கிறார்களாம். உன் சட்டத்தை மாற்றியதற்காக நீ என்னோடு சண்டை பிடிப்பாய் என்றால், பிடி.

போன கிழமை ஒலுவில் பக்கமிருந்து ஒரு மனிசி வந்தா. தலையிடி. வேறு ஒன்றுமில்லை என்றா. அடுத்த கேள்வியை நான் கேட்காமல் பேனையை மூடியதும் அவவின் முகம் தெளிந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒருமுறை அதைச் சுகத்தின் முகம் என்று நினைத்து நானும் கூடச் சிரித்தவள். பேனையைத் திரும்பவும் திறந்தேன். இன்னும் என்ன செய்கிறது, எதை எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். இல்லை என்றா. திரும்பவும் கேட்டேன். மூன்றாம் தரம் அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கண் மங்கிப்போய் ஒரு மாதமாகிறது, மகளின் கலியாணம் முடியும்வரை யாருக்கும் சொல்லாமல் இருந்தேன், உனக்கென்னடி வந்த என்று வாட்டே திரும்பிப் பார்க்க எனக்கு ஏசினா. கொப்பியைப் போட்டு, கையைப் பிடித்து, வரிசையில் கொண்டுபோய் இருத்தினேன். அங்கே இருந்தும் ஏசினா.

நான் கேட்டிருந்தால் நீயும் இப்படித்தான் ஏசியிருப்பாய். பெட்ஷீட் கட்டின் மேலிருந்து இறங்கி, கருவாட்டுப் போத்தலை என் மேல் எறிந்திருப்பாய். ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்திருப்பாய். அந்த ஏச்சை வாங்காமல் வந்துவிட்டேன் புள்ள. யார் ஏசினாலும் அதற்கு ஈடாகவில்லை.